பதினேழாம் சாவி

அத்தியாயம் 14

போன வாரம் அண்ணன் வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, "சரி, கம்பெனியாவே ஆக்கிடலாம்" என்று ஒப்புக்கொண்டாரே, அந்தக் கை எதற்குப் பாக்கெட்டுக்குள் போனது என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த வாரம் இவ்வளவு எழுதவேண்டிய வேலை எனக்கு வந்திருக்காது.

மறந்தவர்களுக்காக நாலு வரி. அண்ணன், சாவியக்கா, தம்பி மூவரும் உடன்பிறந்தவர்கள். கீழே ஆபீஸ், மேலே வீடு. நாற்பத்தொரு கட்டடங்களின் லிஃப்ட்டுகளை மாதாமாதம் போய்ப் பார்த்துப் பழுது நீக்குவது தொழில். அண்ணன் லைசென்ஸ் உள்ள மெக்கானிக். தம்பியும் மெக்கானிக்தான், லைசென்ஸ் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. ஆபீஸ் சாவியக்காவின் ராஜ்ஜியம். அவளுக்குக் கல்யாணம் ஆனதும் அது முறிந்ததும் முதல் ஐந்து அத்தியாயத்தோடு முடிந்த கதை, அதை இப்போது கிளற வேண்டாம்.

இரண்டு தெரு தள்ளி இன்னொரு லிஃப்ட்காரர் இருந்தார். அவர் பார்த்துவந்த லிஃப்ட்டில் ஒருவருக்குக் கால் போய்விட்டது. வழக்கு முடிந்தபோது, தொழில் வேறு வீடு வேறு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. வீடும் போனது. அன்று முதல் தம்பிக்குத் தூக்கமில்லை. லிமிடெட் கம்பெனியாகப் பதிந்துவிட்டால் வருவது கம்பெனியோடு நிற்கும், வீட்டு வாசற்படி ஏறாது என்று எங்கோ கேட்டுக்கொண்டு வந்து, மூன்று மாதம் நச்சரித்து, அண்ணனைத் தலையாட்ட வைத்துவிட்டான்.

இன்று கையெழுத்துப் போடும் நாள்.

ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய பலகை. ஒன்றிலிருந்து நாற்பத்தொன்று வரை எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு கொக்கி. மாதம் பிறந்ததும் அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் மோட்டார் இருக்கும் மெஷின் ரூமின் சாவி இடது கொக்கியில் தொங்கும். போய்ப் பார்த்துவிட்டு வந்தால் வலது கொக்கிக்கு மாறும். சாவியோடு நூலில் கட்டியபடி ஓர் அட்டை. என்று பார்த்தது, யார் பார்த்தது, கையெழுத்து. கட்டடத்தில் விட்டால் தொலைத்துவிடுகிறார்கள் என்று அட்டையும் ஆபீஸுக்கே வந்துவிட்டது. ஒற்றைப்படை எண்கள் அண்ணனுக்கு, இரட்டைப்படை தம்பிக்கு. இந்த ஏற்பாடு முழுக்க சாவியக்காவின் மூளை. அந்தப் பலகையைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறை சொல்லிவிட்டால் அன்றைக்கு அவர்களுக்கு டீ கிடையாது.

அட்டையில் விழுவது எப்போதும் ஒரே கையெழுத்துத்தான். அண்ணன் கையெழுத்து.

லைசென்ஸ் அவருடையது, கட்டடக்காரர்கள் கேட்பதும் அவர் கையெழுத்தை. அவர் வெளியே போயிருந்த ஒரு நாள் அவசரத்துக்குத் தம்பி போட்டான். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்புறம் சாவியக்காவும் பழகிக்கொண்டாள். பதினெட்டு வருஷமாக மேஜையில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள்தான் அண்ணன். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு, அது அவளுக்கு மட்டும் தெரியும். போட்டு முடித்ததும் கீழே இரண்டு புள்ளி வைக்காவிட்டால் அவள் கை நிற்காது. அண்ணனுக்குப் புள்ளி வைக்கும் பழக்கமில்லை, தம்பிக்கும் இல்லை.

கம்பெனிப் பதிவுக்கு, தொழில் நடப்பதற்கு ஆதாரமாக நாலைந்து அட்டைகள் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பெரிய இடத்துக்குப் போகிறோம், கறை படிந்ததைக் காட்ட வேண்டாம் என்று சாவியக்கா தேடித் தேடி, இருப்பதிலேயே சுத்தமானவையாக ஆறு எடுத்துப் பைக்குள் போட்டாள். மிகச் சுத்தமாக இருந்தது பதினேழாம் எண். அதைத்தான் மேலே வைத்தாள்.

*

கம்பெனிப் பதிவு வேலை பார்த்துக்கொடுக்கும் ஓர் அம்மாவின் ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. நம் தொழிலுக்கு இங்கே இருக்கிற மரியாதையைப் பாருங்கள் என்று அண்ணன் படித்திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கியபடி சொன்னார். தம்பி சிரித்தான். கைப்பிடி வலப்பக்கம் இருந்தும் அண்ணன் உடம்பைத் திருப்பி இடது கையால் பிடித்து ஏறியதைச் சாவியக்கா பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான்.

அந்த அம்மா பேச்சை வீணாக்குகிறவர் இல்லை. கம்பெனிக்கென்று தம்பி கொடுத்திருந்த முதல் பெயர் ஏற்கெனவே வேறொருவருக்குப் போய்விட்டது, இரண்டாவது கிடைத்திருக்கிறது என்றார். 'ஏற்றம் லிஃப்ட் சர்வீஸ் பிரைவேட் லிமிடெட்.' ஏற்றத்தை நீங்கள் பார்த்துக்கொண்டால் இறக்கத்தை யார் பார்ப்பது என்று அண்ணன் கேட்டார். அந்த அம்மா முகத்தில் அசைவில்லை.

கம்பெனிக்கு ஒரு முகவரி வேண்டும், கீழ்த்தள ஆபீஸே போதும். பங்கு எப்படிப் பிரிப்பது? அண்ணனுக்கு நாற்பது, மற்ற இருவருக்கும் முப்பது முப்பது என்று வீட்டிலேயே பேசி வைத்திருந்தார்கள். மூவரும் டைரக்டர்கள். கம்பெனிக்கென்று தனி வங்கிக் கணக்கு, அதிலிருந்து வீட்டுக்குப் பால் வாங்கக் கூடாது. ரசீது, ஒப்பந்தம், கடிதம் எல்லாம் கம்பெனி பெயரில்தான் போகவேண்டும், சொந்தப் பெயரில் ஒப்புக்கொண்டால் சொந்தமாகத்தான் பதில் சொல்லவேண்டியிருக்கும். காகிதங்களைப் பதிவாளருக்கு அனுப்பிவிட்டால் பத்து நாளில் சான்றிதழ் வந்துவிடும்.

"வந்துட்டா வீடு பத்திரம்தானே?" தம்பி அதற்காகத்தான் வந்திருந்தான்.

"கம்பெனின்னா சட்டத்துக்கு அது தனி ஆள். அது வாங்கின கடன் அதோட. அது பட்ட நஷ்டம் அதோட. உங்க வீடு அதுக்கு வெளிய நிக்கும்." அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஆனா ரெண்டு விஷயம். பொறக்கறதுக்கு முன்னாடி நடந்ததுக்கு அது பொறுப்பு இல்ல. அதெல்லாம் உங்க தலையிலதான். இன்னொண்ணு, அதுக்குக் கை கிடையாது. கையெழுத்து நீங்கதான் போடணும். உங்க கையால செஞ்ச தப்புக்கு அது குறுக்க வந்து நிக்காது."

அண்ணனிடம் முதல் படிவம் நீட்டப்பட்டது. மாதிரிக் கையெழுத்து, மூன்று இடத்தில்.

அவர் கை பாக்கெட்டிலிருந்து வெளியே வர நேரம் எடுத்தது. பேனாவைப் பிடித்தார். பேனா ஆடியது. இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு போட்டார். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. முடிந்தபோது நெற்றியில் வேர்வை. காகிதத்தில் இருந்தது குழந்தை கிறுக்கியது போலத்தான் இருந்தது.

சாவியக்கா அந்தக் கையையே பார்த்தாள். எத்தனை நாளாக? ஒரே வீட்டில் ஒரே மேஜையில் சாப்பிடுகிறோமே, எப்படிக் கண்ணில் படாமல் போனது?

அந்த அம்மா அட்டைகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அட்டையில் கையெழுத்து அம்சமாக, வழுக்கிக்கொண்டு ஓடியது. படிவத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதைப் போட்டது யாரு?"

சாவியக்காதான் பழக்கத்தைச் சொன்னாள். எங்கள் வீட்டில் எல்லோரும் போடுவதுதான், வேலை நடந்திருக்கும், கையெழுத்து மட்டும் யாராவது போடுவோம் என்றாள். சொல்லும்போதே அது காதுக்கு நன்றாக இல்லை.

"சரி. வேலை பார்த்தது யாரு? இந்த அட்டையில கடைசி நாலு மாசம்."

"தம்பி" என்றார் அண்ணன்.

"அண்ணன்" என்றான் தம்பி, அதே நேரத்தில்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் மெதுவாக அட்டையைத் தன் பக்கம் இழுத்தார். மற்ற அட்டைகளில் என்னதான் சுத்தம் பார்த்து எடுத்திருந்தாலும் ஓரத்தில் எங்காவது கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. மெஷின் ரூமுக்குப் போன அட்டையில் கிரீஸ் படாமல் இருக்காது. பதினேழில் கடைசி நாலு வரியும் பளிச்சென்று இருந்தன.

"இது மேலயே போகல" என்றார் அண்ணன்.

*

வேனில் ஏறிய பிறகுதான் முழுசாக விளங்கியது.

நாலு மாதத்துக்கு முன்னால் அண்ணனின் கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது. பதினேழில் மொட்டைமாடியிலிருந்து மெஷின் ரூமுக்கு நேர்க்குத்தாக ஓர் இரும்பு ஏணி. அதில் ஏற அவருக்குப் பயம் வந்துவிட்டது. வாயால் சொல்ல மானம் தடுத்தது. அந்தச் சாவியை எடுத்துத் தம்பியின் கருவிப் பெட்டி மேல் வைத்துவிடுவார். நீ பார்த்துக்கொள் என்று அர்த்தம். தம்பி காலையில் வந்து பார்ப்பான், ஒற்றைப்படை எண், அண்ணனுடையது. பார்த்துவிட்டு வந்த களைப்பில் பெட்டி மேல் போட்டுவிட்டார் போலிருக்கிறது என்று வலது கொக்கியில் மாட்டிவிடுவான். மாதக் கடைசியில் சாவியக்கா பார்ப்பாள். வலது கொக்கி. அட்டையை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவாள்.

நாலு மாதம். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. மூன்று பேரும் சேர்ந்து ஒரு பெரிய பொய்யைச் செய்து முடித்திருந்தார்கள்.

சாவியக்காவுக்கு இரண்டு பேர் மேலும் கோபம் பொங்கியது. இவருக்கு வாயைத் திறந்து சொல்ல என்ன கேடு? இவனுக்கு ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாட்ட என்ன கேடு? பலகை சரியாகத்தான் இருந்தது. வலது கொக்கியில் இருந்தது, போட்டேன். என் மேல் என்ன தப்பு? பின் சீட்டில் தனியாக உட்கார்ந்து இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மணி மூன்றரை. பதினேழில் நாலாவது மாடியில் நாட்டிய வகுப்பு, நாலு மணிக்கு. எட்டுப் பத்துப் பிள்ளைகள் ஒரே லிஃப்ட்டில் திமுதிமுவென்று ஏறும். அந்த நினைப்பு வந்ததும் கோபமெல்லாம் அடங்கி, வேகமாகப் போ என்றாள். சிக்னலில் தம்பி ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

கட்டட வாசலில் வாட்ச்மேன் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வாங்க சாவியக்கா என்றார், குரலில் மரியாதை இருந்தது, முகத்தில் இல்லை. லிஃப்ட் கதவருகே ஒரு மரப்பலகை கிடந்தது. உள்ளே இருப்பவர்கள் மிதித்து ஏற வசதியாக அவரே போட்டு வைத்திருக்கிறார்.

"மொதல்ல நாலு விரல் எறங்கி நின்னுச்சு. இப்ப ஒரு ஜாண்" என்றார். "ஆறாவது மாடி டீச்சரம்மா போன வாரம் வெளிய வரும்போது தடுக்கி விழுந்துட்டாங்க. மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம்தான் இந்தப் பலகை."

மூவரும் படியேறினார்கள். ஏழு மாடி. லிஃப்ட்காரர்கள் மூன்று பேர் தாங்கள் பார்க்கும் லிஃப்ட்டில் ஏறப் பயந்து படியேறினார்கள் என்பதை வாசகர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

மொட்டைமாடியில் ஏணியடியில் அண்ணன் நின்றுவிட்டார். தம்பி ஏறினான். சாவியக்கா ஒரு கணம் தயங்கிப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஏறினாள். மெயின் சுவிட்சைத் தம்பி இறக்கினான். மோட்டார் அடங்கியது. பிரேக்கைக் கழற்றினான்.

பிரேக் லைனர் என்பது சுழலும் டிரம்மைக் கவ்விப் பிடிக்கிற பட்டை. அது இருந்தால்தான் லிஃப்ட் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கும். தம்பி டார்ச் அடித்தான். டிரம் முழுக்க எண்ணெய் கசிந்து பளபளத்தது. லைனர் தேய்ந்து, அதைப் பிடித்திருந்த பித்தளை ஆணிகளின் தலை தெரிந்தது.

"லைனர் எவ்வளவு இருக்கு?" கீழேயிருந்து அண்ணன் குரல்.

தம்பி டார்ச்சை அந்த ஆணிகள் மேலேயே பிடித்திருந்தான்.

"இல்லண்ணா" என்றாள் சாவியக்கா.

தெருவில் பள்ளி வேன் ஒன்று வந்து நின்றது. பிள்ளைகளின் கூச்சல் ஏழு மாடி தாண்டிக் கேட்டது.

*

'லிஃப்ட் இயங்காது' பலகையை ஒவ்வொரு மாடியிலும் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். பிள்ளைகள் படியில் போட்டி போட்டு ஏறின. அவர்களுக்கு அது கொண்டாட்டம். சாவியக்கா சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள். ஒவ்வொரு தலையாகத் தாண்டிப் போகப் போக அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கீழே வரை மாட்டி முடித்து, செயலாளரிடம் சொல்ல மறுபடி ஏறினார்கள். ஆறாவது மாடி வீட்டுக் கதவு திறந்திருந்தது. கட்டடச் செயலாளர் வாசலில் நின்றார். எடைக்கல், முழக்கோல் சரிபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எதிலும் அளவு தப்பாது, அதனால் கட்டடத்தில் அவருக்கு 'ஸ்கேல் சார்' என்று பெயர். கை முறிந்த டீச்சரம்மா இவருடைய மனைவி என்று அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. உள்ளே நாற்காலியில், மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்தபடி அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

ஏன் நிறுத்தினீர்கள் என்று ஸ்கேல் சார் சண்டைக்கு வரவில்லை. எழுத்தில் கொடுங்கள் என்றார். கடைசியாக எப்போது பார்த்தீர்கள், யார் பார்த்தது, என்ன பழுது. உட்கார இடம் காட்டினார், காகிதமும் பேனாவும் கொண்டுவந்து வைத்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"விழுந்தப்ப நான் இவளைத் திட்டினேன். கீழ பார்த்து நடக்க மாட்டியான்னு. பத்து நாளா இவ என்கிட்ட சரியா பேசல." அவர் மனைவி இருக்கும் பக்கம் பார்க்கவில்லை. "எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். இவ மேல தப்பா, லிஃப்ட் மேல தப்பா?"

அப்போது தம்பி சாவியக்காவை வெளி நடைக்குக் கூப்பிட்டான்.

அவன் முகம் வெளுத்திருந்தது. கெட்டவன் இல்லை அவன், அதை நான் பல வாரமாகச் சொல்லிவருகிறேன். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். பயந்திருந்தான்.

"பராமரிப்புன்னு ஒரு வரி எழுதிக் கொடுக்கா. இன்னிக்கு நிறுத்தியாச்சு, லைனரை நான் மாத்திடறேன். பத்து நாள்ல கம்பெனி வந்துடும். நாலு மாசம் பாக்கலன்னு இப்ப நம்ம கையால எழுதிக் கொடுத்தா என்ன ஆகும் தெரியுமா? பதிவு ஆபீஸ் அம்மா சொன்னது ஞாபகம் இருக்கா? இதெல்லாம் நம்ம தலையில. நம்ம வீடு, அக்கா."

"அவங்க கை?"

"அதுக்கு வைத்தியச் செலவு நான் தரேன். எழுத்து மட்டும் வேண்டாம்."

அண்ணன் நடைச் சுவரில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நடுங்கும் கையை இப்போது ஒளிக்கவில்லை.

"உள்ளதை எழுதிடு பாப்பா" என்றார். "லைசென்ஸ் என்னுது. ஏணி ஏறாதது நான். என்னால எழுத முடியாது, நீ எழுதி, கீழ என் கையெழுத்தை நீயே போட்டுடு. எப்பவும் போடறதுதானே."

சாவியக்கா உள்ளே போய் உட்கார்ந்தாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்லவேண்டுமென்றால், அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. அண்ணனே ஏற்றுக்கொள்கிறார். உண்மையும் எழுதியதாகும், பழியும் தன் மேல் விழாது. வேனில் சொல்லிக்கொண்டு வந்தது சரிதான், கொக்கி வலப்பக்கம் இருந்தது, போட்டேன். தேதிகளைப் பார்த்து எழுத அட்டையைப் பையிலிருந்து எடுத்தாள். சாவி மேஜையில் இடித்துச் சத்தம் போட்டது. அட்டை கவிழ்ந்து விழுந்தது.

பின்பக்கத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது.

'17. கீழ்த்தளத்தில் நாலு விரல் இறங்கி நிற்கிறது. வாட்ச்மேன் போன்.' எழுத்து அவளுடையது. அதற்குக் கீழே 'பார்த்தாச்சு.' அதற்குக் கீழே அண்ணன் கையெழுத்து.

அந்தக் கையெழுத்துக்குக் கீழே இரண்டு புள்ளி.

வாட்ச்மேனின் குரல் அவளுக்கு நினைவு வந்தது. அக்கா, கொஞ்சம் சீக்கிரம் ஆள் அனுப்புங்க, பெரியவங்க இருக்கற எடம். அவள்தான் கேட்டாள். அவள்தான் எழுதினாள். மூன்று நாள் கழித்து, மாதக் கடைசி, மேஜை நிறைய அட்டைகள், வலது கொக்கி. சரி, யாரோ பார்த்துவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை. யார் என்று தலையைத் திருப்பிக் கேட்கவில்லை. இரண்டு பேரும் அப்போது அதே அறையில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணனுக்குச் சாக்கு உண்டு, கை. தம்பிக்குச் சாக்கு உண்டு, பெட்டி மேல் சாவி. தனக்கு என்ன இருக்கிறது என்று சாவியக்கா தேடிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அவமானம் அவள் காதுவரை சுட்டது. கம்பெனி என்றால் கையில்லாத ஆள் என்று அந்த அம்மா சொன்னாரே, அப்படி ஓர் ஆளை நாங்கள் எப்போதோ உண்டாக்கிவிட்டோம், பதினெட்டு வருஷமாக எல்லாவற்றிலும் அவன்தான் கையெழுத்துப் போடுகிறான், அவனைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கத்தான் முடியாது என்று நினைத்துக்கொண்டாள்.

பேனாவை எடுத்து எழுதினாள். நாலு மாதமாக இந்த லிஃப்ட்டை எங்களில் யாரும் பார்க்கவில்லை. பார்த்ததாக அட்டையில் கையெழுத்துப் போட்டது நான். கீழே இறங்கி நிற்கிறது என்ற புகார் என்னிடம்தான் வந்தது, ஆள் அனுப்பாமலே பார்த்தாச்சு என்று எழுதியதும் நான். இன்று திறந்து பார்த்ததில் பிரேக் லைனர் முழுதும் தேய்ந்திருந்தது. டீச்சரம்மா விழுந்தது லிஃப்ட் நின்ற இடத்தால், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. இன்றைய தேதி.

கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றது. பழக்க தோஷம், விரல் அண்ணனின் முதல் சுழியைத் தொடங்கப் போனது. இழுத்துப் பிடித்தாள். தன் கையெழுத்தைக் கடைசியாக எப்போது போட்டோம்? வக்கீல் ஆபீஸில், கல்யாணத்தை முறித்துக்கொண்ட காகிதத்தில். ஆறு வருஷம். எப்படி ஆரம்பிக்கும் என்றே ஒரு கணம் தெரியவில்லை. அப்புறம் கை தானாகக் கண்டுபிடித்தது.

இரண்டு புள்ளியும் வைத்தாள்.

அண்ணன் உள்ளே வந்து அவள் தோளுக்கு மேலாக அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். தம்பி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். படியில் அவன் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது, வேகமாக, நிற்காமல்.

ஸ்கேல் சார் கடிதத்தை நின்றபடி படித்தார். இரண்டாம் முறை உட்கார்ந்து படித்தார். அவர்களை மிரட்டவுமில்லை, மன்னிக்கவுமில்லை. எழுந்து போய் மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"உனக்குப் படிச்சுக் காட்டறேன், கேளு" என்றார்.

சாவியக்கா கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தாள்.

ஆறு மாடி இறங்கவேண்டும். அண்ணனின் வலது கையைத் தன் தோள் மேல் எடுத்து வைத்துக்கொண்டாள். அவர் மறுக்கவில்லை. கை நடுங்குவது புடவை வழியாகத் தெரிந்தது. வைத்தியரைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்றார். நாளைக்குப் போகிறோம் என்றாள். சரி என்றார்.

கீழே வேன் இல்லை. தம்பி எடுத்துக்கொண்டு போய்விட்டதாக வாட்ச்மேன் சொன்னார். கம்பெனிப் படிவங்கள் வேனில்தான் இருந்தன. அண்ணன் போட்ட மூன்று கையெழுத்துத்தான் அதில் இருக்கிறது, மற்ற இருவரும் மாலையில் வந்து போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். ஐந்தரைக்குப் பதிவு வேலை பார்க்கும் அம்மாவின் ஆபீஸ் மூடிவிடும். அவன் நேரே அங்கேதான் போகிறானா, தன் இடத்தில் மட்டும் போடுவானா, அவள் இடத்திலும் போட்டுவிடுவானா? இன்னொருவர் கையெழுத்தைப் போடுவது அந்த வீட்டில் யாருக்கும் ஒரு குற்றமாகப் பட்டதே இல்லை.

"அவனுக்கு உன் கையெழுத்துத் தெரியுமா?" என்று அண்ணன் கேட்டார்.

அவள் யோசித்துப் பார்த்தாள். "தெரியாதுண்ணா."

"எனக்கும் இன்னிக்குத்தான் தெரியும்" என்றார் அண்ணன். வெயில் கண்ணில் பட்டதாலோ என்னவோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பதினெட்டு வருஷமா பக்கத்துல உக்காந்திருந்தியே, நான் பாத்ததே இல்ல பாப்பா."